அவர் பெயரில் கடைசி ரிட்டர்ன்

என் வீட்டுக்காரர் சித்திரை மாதம் போனார். மே மாதக் கடைசியில் அவருடைய செல்போனுக்கு வருமான வரிக்காரர்களிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்த வருஷத்துக்கான கணக்கைத் தாக்கல் செய்ய ஜூலை முடியும்வரை அவகாசம் இருக்கிறது, கடைசி நேரம்வரை காத்திருக்காதீர்கள் என்று அதில் இருந்தது. போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜில் கிடந்தது. செத்தவர் போன்தான். சாயங்காலமானால் விளக்கேற்றுவேன், அப்புறம் அதை சார்ஜில் போடுவேன். அவ்வளவுதான்.

அவரிடம் போய்க் கடைசி நேரம் என்று சொல்கிறார்களே என்று ஒரு எரிச்சல் வந்தது. கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவர். ஜூலை பிறந்தால் மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேஜை அவர் வசம் போய்விடும். பாங்க் ஸ்டேட்மெண்ட், டெபாசிட் வட்டிக்குப் பிடித்த வரிக்கான சர்டிபிகேட், மருந்து பில் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவைத்திருப்பார். தட்டு வைக்க இடம் இருக்காது. "சாப்டணுமா வேண்டாமா?" என்று கத்துவேன். "இருடி, ஒரு காலம் டோட்டல்தான் பாக்கி" என்பார். அந்த ஒரு காலம் ரசம் ஆறுகிறவரை முடியாது. தி.நகர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். என் வரிக்கணக்கையும் அவர்தான் போட்டார். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் போன அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்து காரியமெல்லாம் செய்தான். அவர் தம்பி அடையாறிலிருந்து தினமும் வந்து மந்திரம் சொல்லும் வாத்தியாரிடமும் சமையல்காரரிடமும் பேசிக்கொண்டிருந்தார். எழுந்திருங்கோ என்றார்கள், எழுந்தேன். குளித்துவிட்டு வாங்கோ என்றார்கள், குளித்தேன். அவருக்காக நான் செய்யவேண்டியது என்று யாரும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள், அதுவும் என்னைத் தொடவில்லை. பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரம் முடிந்து பிள்ளை ஊருக்குத் திரும்பினான்.

அதற்கப்புறம்தான் அந்தக் குறுஞ்செய்தி. படித்துவிட்டு ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். இது என் வேலை என்று தோன்றியது. அவருடைய கடைசி வருஷத்து ரிட்டர்னை அவர் பெயரிலேயே, ஜூலைக்குள், என் கையால் போட வேண்டும். அந்தக் கோடையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

பிள்ளையிடம் சொன்னேன்.

"அப்பா பாஸ்வேர்டு நம்மகிட்ட இருக்கேம்மா. உள்ள போய் ஃபைல் பண்ணிடு. ஓடிபி அப்பா ஃபோனுக்குத்தான் வரும். எல்லாரும் அப்படித்தான் பண்றா."

"யாருடா எல்லாரும்?"

"சரி, ஒரு சி.ஏ. கிட்ட குடுத்துடு. நான் பணம் அனுப்பறேன்."

"நீ ஒண்ணும் அனுப்ப வேண்டாம்."

"ஏம்மா எரிஞ்சு விழறே?"

ரிட்டர்னின் கடைசியில் ஓர் உறுதிமொழி வரும். இன்னார் மகன் இன்னாராகிய நான், எனக்குத் தெரிந்தவரை இதெல்லாம் உண்மை என்று சொல்கிறேன் என்று. அவருக்கு இனி என்ன தெரியும்? அவராக நடித்து நான் ஒரு பட்டனை அழுத்தினால், அந்த மனுஷன் ஜென்மத்தில் போடாத ஒரு பொய்க்கணக்கைச் செத்தபிறகு அவர் தலையில் கட்டின மாதிரி ஆகும். மாட்டேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நேர்வழி என்று ஒன்று இருந்தது. என் கணக்கில் நுழைந்து, இறந்தவருக்கு நான் வாரிசு என்று பதிவு செய்ய வேண்டும். அதற்கு அவருடைய பான் கார்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். முதல் இரண்டும் வீட்டில் இருந்தன. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் காகிதங்களை வாங்கி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது வேற யாரோட சர்டிபிகேட்டோ மாறி வந்திருக்கும்மா."

"இல்லையே."

"பான்ல ஒரு பேரு, டெத் சர்டிபிகேட்ல வேற பேரு. அட்ரஸ் சரியா இருக்கு. அவங்கப்பா பேரும் சரியா இருக்கு. ஆள்தான் வேற. இவரு யாரு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? அது என் மாமனாருடைய அப்பாவின் பெயர். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. கார்ப்பரேஷன் கணக்குப்படி அவர் இந்தச் சித்திரையில் எங்கள் வீட்டில் இன்னொரு தடவை செத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் சாகவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன், இல்லாவிட்டால் கத்தியிருப்பேன். "சரிம்மா" என்று சொல்லிக் காகிதங்களை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் பால் வாங்கினேன்.

இது எப்படி நடந்தது என்று எங்களவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். என் வீட்டுக்காரருக்கும் தொட்டிலில் போட்டபோது தாத்தா பெயரைத்தான் வைத்தார்கள். ஆனால் என் மாமியார் தன் மாமனார் பெயரைச் சொல்லிக் குழந்தையை எப்படிக் கூப்பிடுவாள், திட்டுவாள்? அதனால் கூப்பிடுவதற்கென்று இன்னொரு பெயர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில், ஆபீஸில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அந்தப் பெயர்தான். தாத்தா பெயர் பூணூலுக்கும் சிராத்தத்துக்கும் வாத்தியார் வாயில் மட்டும் வரும்.

இனி என் சங்கதி. கூப்பிடுவதற்கென்று வைத்த அந்தப் பெயரை நான் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். நம்பினேனா என்றால் இல்லை, அதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று ஸ்டாஃப் ரூமில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் வாய் வராது. செருப்புக் காலோடு சமையலறைக்குள் போகச் சொன்னால் கால் வராதே, அந்த மாதிரி. பாங்கில் கேட்டால் பாஸ்புக்கைத் தள்ளுவேன். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்பேன், பெயரை அவர் பின்னாலிருந்து சொல்வார். வகுப்பில் அதே பெயரில் ஒரு பையன் வந்து சேர்ந்தபோது அந்த வருஷம் முழுக்க எல்லாப் பையன்களையும் இனிஷியலால் கூப்பிட்டேன். அவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஒரே ஒரு தடவை சொல்லேன், உன் வாயால எப்படி இருக்குன்னு கேக்கலாம்" என்பார். "ஏன், நன்னா இருக்கேளே, அது பொறுக்கலையா?" என்பேன்.

அவர் போன அன்று காலையில், தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வந்து பார்த்துவிட்டுச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார். முழுப் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். யாராவது இதைக் கேட்டால் நான் பக்கத்திலிருப்பவரைத்தான் பார்ப்பேன், அன்றைக்கும் அப்படியே திரும்பினேன். பக்கத்தில் அவர் தம்பி நின்றுகொண்டிருந்தார். வாயில் வந்ததைச் சொன்னார், டாக்டர் எழுதினார், மயானத்தில் அதைப் பார்த்துப் பதிந்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பால் காய்ச்சிவிட்டு மைத்துனருக்கு போன் செய்தேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

"உங்கண்ணா பேரு உனக்குத் தெரியாதா?"

"மன்னி, என்ன சொல்றேள்?"

சொன்னேன்.

"வாத்தியார் ஃபோன்ல கோத்திரம், சர்மா பேரு எல்லாம் கேட்டுண்டே இருந்தார் மன்னி. டாக்டர் கேட்டதும் அதே வாயோட சொல்லிட்டேன் போலிருக்கு."

"போலிருக்காவது. இத்தனை வயசாச்சு, கூடப் பொறந்தவன் பேரைச் சொல்லத் துப்பில்லை."

"உங்களைத்தானே மன்னி டாக்டர் கேட்டார்?"

அவர் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாவம், பயந்துபோய்ச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டுப் பாலைக் குடிக்காமல் கொட்டினேன்.

இறப்புச் சான்றிதழில் பெயர் மாற்ற வேண்டுமானால் முத்திரைத்தாளில் ஓர் அபிடவிட் வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீஸ் பக்கம் டைப் அடித்துக் கொடுப்பவர் ஒருவரிடம் நானும் மைத்துனரும் போனோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் சார் கஷ்டப்படறீங்க, இந்தப் பேரு என்கிற அந்தப் பேருன்னு ரெண்டையும் சேர்த்துப் போட்டுக்கலாம், ரெண்டும் ஒரே ஆளுன்னு ஆயிடும், கார்ப்பரேஷனுக்கே போக வேணாம்" என்றார். மைத்துனர் முகத்தில் அப்பாடா என்று ஒரு வெளிச்சம் வந்தது.

"முடியாது" என்றேன்.

"மன்னி, சுலபமா முடியறது."

"அந்தப் பேர்ல அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் பேர்லதான் போகணும். திருத்தத்துக்கே அடிங்கோ."

டைப் அடிப்பவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடித்தார். பெயர் வரும் இடங்களில் எல்லாம் மைத்துனர் சொன்னார். அது அவ்வளவு எளிதாக முடிந்ததால் கார்ப்பரேஷன் மண்டல ஆபீஸிலும் அப்படியே முடியும் என்று நினைத்துவிட்டேன். இல்லை, நினைத்தேன் என்று சொல்வதே ஜாஸ்தி. அந்த நாட்களில் நான் எதையும் நினைக்கவில்லை, ஒரு காகிதத்திலிருந்து இன்னொரு காகிதத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

மண்டல ஆபீஸில் பிறப்பும் இறப்பும் ஒரே கவுண்டர். எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, எனக்குப் பின்னால் பர்தா போட்ட ஒரு அம்மாள். கவுண்டரில் கழுத்துப்பட்டைக்குள் கைக்குட்டை செருகிய ஒருவர், ஐம்பது வயசு இருக்கும், கண் ஸ்கிரீனிலேயே இருந்தது.

"யாரும்மா இறந்தது?"

"என் வீட்டுக்காரர்."

"பேரு?"

காகிதங்களைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். "இதுல இருக்கு."

"இதுல ரெண்டு பேரு கீதேம்மா. எது ராங்கு, எது ரைட்டு? நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

பான் கார்டின் மேல் விரலை வைத்தேன்.

"நான் ஸ்கிரீனப் பாப்பனா, உங்க வெரலப் பாப்பனா? வாயால சொல்லும்மா."

மைத்துனர் எட்டிப் பார்த்துப் பெயரைச் சொன்னார். அந்த மனிதர் அடிக்கவில்லை. முதல் தடவையாகக் கண்ணை ஸ்கிரீனிலிருந்து எடுத்தார்.

"சார் யாரு?"

"தம்பி."

"டாக்டராண்ட பேர் குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப நீங்க கம்முனு இருங்க சார். மறுபடி நீங்க ஒண்ணு சொல்லி, நான் ஒண்ணு அடிச்சி, மறுபடி பத்திரம் எட்த்துகினு வருவீங்க. வீட்டுக்காரம்மா சொல்லட்டும்."

யாரோ சிரித்தார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"படிக்கத் தெரியாதாம்மா?"

"நான் டீச்சர்."

"சரி, ஓரமா நில்லுங்க. நெக்ஸ்ட்டு."

சுவர் ஓரமாகப் போய் நின்றேன். மேலே ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை. மைத்துனர் காதருகில் குனிந்து, "ரெண்டு பேரையும் 'என்கிற'ன்னு சேர்த்தே போட்டுடலாம் மன்னி. இல்லேன்னா உங்க சார்பிலே எல்லாத்தையும் நானே பார்த்துண்டு ரிட்டர்னை ஃபைல் பண்ணிடறேன். நீங்க இந்த வெயில்ல அலைய வேண்டாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். கொள்ளி வைத்தது பிள்ளை, பெயர் கொடுத்தது தம்பி, இதுவும் தம்பி. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் யாரும் தப்பு சொல்லப்போவதில்லை. அந்த நிமிஷம் நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன்.

பர்தா போட்ட அம்மாள் தன் வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்தவர், நின்று கவுண்டர்காரரிடம் திரும்பினார். "சார், அந்தம்மா பேர் சொல்ல மாட்டாங்க சார். எங்க தெருவுலயும் அவங்க ஆளுங்க இருக்காங்க. புருஷன் பேரு வாயில எடுக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கவுண்டர்காரர் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனேன். இந்தத் தடவை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதான் விஷயமா? மொதல்லயே சொல்லக்கூடாதா." காகிதத்தைத் திருப்பி வைத்தார். "அதெல்லாம் அவுரு இருக்கிறப்பதானேம்மா."

அவ்வளவு பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள். காலமாகிவிட்டார், தவறிவிட்டார், புண்ணியம் பண்ணினவர், சிரமப்படாமல் போனார் என்று என்னென்னவோ சொன்னார்கள். ஒன்றும் உள்ளே போகவில்லை. இந்த மனிதர் சொன்னது நேராகப் போய் இறங்கியது. இத்தனை நாளும் நான் அவர் பெயரைச் சொல்லாமல் அவர் ஆயுசைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்தா செய்தேன்? தெரியாது. ஆனால் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நான் நின்றுகொண்டிருந்தது இறப்புக் கவுண்டர், என் கையில் இருந்தது அவருடைய பான் கார்டு.

சொன்னேன்.

குரல் கரகரவென்று வந்தது, என்னுடையது மாதிரியே இல்லை. பக்கத்தில் மைத்துனர் சட்டென்று என்னைப் பார்த்தார். அண்ணா பெயர் என் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இனிஷியல்?"

அதையும் சொன்னேன். அவர் அடித்துவிட்டு வாய்விட்டுப் படித்தார். பெயர், ஆண், இறந்த இடம் வீடு. "சரியாம்மா?"

"சரி."

திருத்திய சான்றிதழ் வந்தது. அப்புறம் வாரிசுச் சான்றிதழும் வந்தது. ஜூலை முடிவதற்குள் அதே சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்கார்ந்து அவருடைய ரிட்டர்னைப் போட்டேன். உறுதிமொழியில் அவருடைய வாரிசு என்று என் பெயர் வந்தது, என் போனுக்கு ஓடிபி வந்தது, பதிவாயிற்று என்று பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. பிள்ளைக்குச் சொன்னேன், "சூப்பர்ம்மா" என்றான். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை, மேஜையைத் துடைத்துவிட்டுச் சாப்பிட்டேன். தோன்ற வேண்டியதெல்லாம் அந்தக் கவுண்டரிலேயே தோன்றி முடிந்திருந்தது.

ஏனென்றால் அன்று "சரி" என்று சொன்னதோடு நான் நிற்கவில்லை. யாரும் கேட்காமலே இன்னொரு தடவை பெயரைச் சொன்னேன்.

"அடிச்சிட்டேம்மா" என்றார் கவுண்டர்காரர்.

திரும்பவும் சொன்னேன். இப்போது கரகரப்பு இல்லை. வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி நன்றாகவே வந்தது. எத்தனை சின்னப் பெயர், வாய்க்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று இருந்தது. அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது, சித்திரையிலிருந்து வராத அழுகை. வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மைத்துனர் என் முழங்கையைப் பிடித்தார்.

"போதும் மன்னி. எழுதிண்டுட்டார். வாங்கோ, போலாம்."

அவர் எழுதிக்கொண்டது எனக்கும் தெரியும். நான் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னொரு தடவை கூப்பிட்டேன்.